யூரியா வாளியும் என் கணக்கு நோட்டும்

"உங்களுக்கென்னங்க, லாரி ஓனர் வீடு!" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்கூட எங்கள் பெயரைக் கேட்டதும் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார், தொகை பெரிதாக வருமென்று. லாரி எங்களுடையதுதான். ஆனால் அதில் பாதிக்கு மேல் பைனான்ஸ்காரருக்குச் சொந்தம். மிச்சத்தில் ஒரு பங்கு, பாங்கில் அடகுக்குப் போன என் பதினோரு பவுனுக்குச் சொந்தம்.

நாங்கள் இருப்பது நாமக்கல் பக்கம். இங்கே வீட்டுக்கு வீடு லாரிப் பேச்சுதான். ஓட்டுகிறவர், பாடி கட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், டயருக்கு ரீட்ரெட் போடுகிறவர் என்று ஏதாவது ஒரு வழியில் எல்லார் வீட்டு அரிசியும் லாரியிலிருந்துதான் வருகிறது. நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஸ்பானரைப் பிடிக்கத் தெரியாது. ஆனால் 2006-லிருந்து எங்கள் லாரியின் வரவு செலவை எழுதுகிறவள் நான்தான். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் அதே நோட்டில், பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதிக்கொண்டு வருவேன். இரண்டு கணக்கும் நடுவில் வந்து முட்டினால் புது நோட்டு வாங்குவேன்.

என் கணவர் முதலில் டிரைவராக இருந்தவர். 2006-ல் 2003 மாடல் லாரி ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கினோம். அந்த வண்டியை வீட்டில் ஒரு மாடு என்றே சொல்லலாம். எதைப் போட்டாலும் தின்னும், எங்கே கட்டினாலும் படுக்கும். டீசலில் கொஞ்சம் தூசி இருந்தால்கூட இருமிக்கொண்டே ஓடிவிடும். ஒரு தடவை குடும்பத்தோடு அதன் கேபினில் ஏறிப் பழனிக்குப் போனோம். தாராபுரம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. இவர் பதறவே இல்லை. "டீசல் லைன்ல ஏர் புடிச்சுக்கிச்சு அம்மிணி, வேறொண்ணுமில்லை" என்று இறங்கினார். ஒரு நட்டைத் தளர்த்தி, பம்பைக் கையாலேயே அமுக்கி அமுக்கி அடித்தார். நுரை நுரையாக டீசல் வந்து, அப்புறம் நுரையில்லாமல் வந்தது. நட்டை இறுக்கினார், வண்டி கிளம்பிவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. செலவு, கை கழுவிய தண்ணீர் மட்டும்தான். பிளாஸ்கிலிருந்த காபி அப்போதும் சூடாகவே இருந்தது.

புது லாரியில் அப்படி எந்த நட்டையும் தொட முடியாது. லேப்டாப்பைச் செருகினால்தான் வியாதியே தெரியும். அதன் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் என் பையனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அவனுக்கு மூன்று வயதில், 2015-ல், வீசிங் வந்தது. ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்கு மூச்சு வாங்கும். நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வரும். தூக்கிக்கொண்டு ஓடி, நெபுலைசர் வைத்துக்கொண்டு, விடிகிறபோது திரும்பி வருவோம். டாக்டர் ஒருநாள் வரிசையாகக் கேட்டார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா? இல்லை. விறகடுப்பா? இல்லை. கொசுவர்த்தி? எப்போதாவது. "குழந்தை படுக்கற ரூமுக்குப் பக்கத்துல லாரி நிக்குதாம்மா?" என்றார். எனக்குப் பகீரென்றது. ஜன்னலுக்கு நேரே வெளியில்தான் லாரி நிற்கும். விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டார்ட் பண்ணினால், பிரேக்குக்கு ஏர் ஏறுகிறவரை பத்து நிமிஷமாவது வண்டியை நிறுத்தி வைத்தே உறுமவிட வேண்டும். அந்தக் கரும்புகை அப்படியே ஜன்னலுக்குள் வரும். கொடியில் காயும் வெள்ளைத் துணியில் மை தெளித்தாற்போல் கரி படியும். அதைத் துவைத்துத் துவைத்து அலுத்துக்கொள்வேனே தவிர, உள்ளே படுத்திருக்கிற குழந்தையின் நெஞ்சிலும் அதேதான் படியும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"லாரிப் பொகையிலதான் இந்தத் தெருப் புள்ளைக அத்தனையும் வளந்துச்சு" என்று என் மாமியார் சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவே 2012-ல்தான் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பட்டியலில் சேர்த்தது. அன்றைக்கே பையனின் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றினோம். இவர் லாரியை ஊர் மைதானத்தில் நிறுத்த ஆரம்பித்தார். மூச்சிரைப்பு உடனே ஓடிப்போய்விடவில்லை. ஆனால் ராத்திரி ஓட்டங்கள் குறைந்தன.

பழைய வண்டி எப்.சி.க்குப் போகும்போதெல்லாம் புகைச் சோதனையில் இழுபறி. கடைசியில் 2022-ல் அதைக் கொடுத்துவிட்டுப் புது லாரி எடுத்தோம். பி.எஸ்.6 வண்டி. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் புதிதாக விற்கிற எந்த வண்டியும் அந்த விதிப்படிதான் இருக்க வேண்டும். நாலிலிருந்து ஐந்தை விட்டுவிட்டு நேரே ஆறுக்குத் தாவிவிட்டார்கள். டீசலையும் அதற்காகவே சுத்தப்படுத்தினார்கள். முன்பு பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகம் இருக்கலாம் என்றிருந்ததை 10 ஆக்கினார்கள்.

சேஸிஸும் பாடியுமாக 38 லட்சத்தைத் தொட்டது. அதில் ஜி.எஸ்.டி. மட்டும் சேஸிஸுக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-லிருந்து அதை 18 ஆகக் குறைத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று வருஷம் முந்திக்கொண்டோம், எல்லாம் எங்கள் ராசி! மாசம் 71,500 ரூபாய் டியூ, 58 மாதம். முன்பணத்துக்கும் பாடிக்கும் என் நகை போயிற்று.

வண்டி வந்த அன்று பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, என்ஜினை ஓடவிட்டு நிறுத்தியிருந்தார்கள். இவர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துப் புகைக்குழாய் வாயில் ஒரு நிமிஷம் பிடித்தார். எடுத்துப் பார்த்தால் துண்டில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. "பாத்தியா?" என்று என்னிடம் நீட்டினார். பையனிடமும் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி நோட்டுக்கு வருகிறேன். பழைய வண்டிக்கு நான் கோடு போட்டு வைத்திருந்த கட்டங்கள் கொஞ்சம்தான்: டீசல், டோல்கேட், டிரைவர் படி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, டயர், கிரீஸ், மாமூல் பட்டறைச் செலவு. புது வண்டி வந்ததும் நான் கேள்விப்படாத பெயர்களெல்லாம் வந்து உட்கார்ந்தன. பழைய வண்டிக்கு ஆயில் மாற்றி ஃபில்டர் போட 4 ஆயிரம் ஆகும். இதற்குப் பெரிய சர்வீஸ் என்றால் 22 ஆயிரத்துக்குக் குறையாது. ஆயிலே தனி ரகம், இரண்டு டீசல் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், போதாக்குறைக்கு யூரியாவுக்கு ஒரு ஃபில்டர். ஆமாம், யூரியா! வயலுக்குப் போடுகிற யூரியாவைத் தண்ணீரில் கரைத்தாற்போல் ஒரு திரவம், 20 லிட்டர் வாளியில் வரும். டீசல் டாங்கிக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சின்ன டாங்கி. அது தீர்ந்தால் வண்டி மக்கர் பண்ணும். ஒரு வாளி 1,250 ரூபாய்.

இந்த 1,250 என் கண்ணை உறுத்தியது. நடைக்கு நடை எழுதும்போதெல்லாம் கை கடுக்கும். மாசத்துக்கு ஐந்து வாளி ஆகிவிடும். 'இது இல்லாமலேயே பதினாறு வருஷம் லாரி ஓடவில்லையா?' என்று நினைத்துக்கொள்வேன்.

நான் சிக்கனக்காரி. பத்திரிகைகளில் வரும் வீட்டுக் குறிப்புகளை ஒன்று விடாமல் செய்து பார்ப்பேன். பாத்திரம் தேய்க்கும் பவுடர், சீயக்காய், சாம்பார்ப் பொடி எதுவும் கடையில் வாங்க மாட்டேன். அந்த வாளியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துப் பார்த்தேன். யூரியா 32.5 சதவீதம், மிச்சம் தண்ணீர். அவ்வளவுதானா! என் அப்பா வீட்டில் மரவள்ளிக்குப் போட வாங்கிய யூரியா மூட்டை திண்ணையிலேயே கிடக்கிறது. 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள். மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டேன். ஒரு மூட்டையைக் கரைத்தால் 125 லிட்டருக்குக் குறையாது. ஆறு வாளி! கடையில் வாங்கினால் ஏழாயிரத்துக்கு மேல்.

இவரிடம் சொன்னேன். "வேண்டாம் அம்மிணி. கம்பெனிக்காரங்க அதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"அவங்க வாளி விக்கறதுக்குச் சொல்லுவாங்க. உப்பு விக்கிறவன் உப்பில்லாமச் சாப்பிடுன்னா சொல்லுவான்? ஏனுங்க, மாசம் ஆறாயிரம் கொட்டிக் கொடுக்கறதுக்குப் பதிலா புள்ளைக்கு பீஸ் கட்டலாமில்லீங்க?"

பெரியவளின் காலேஜ் பீஸ் அந்த மாசம் பாக்கி. நான் அதைச் சொன்னதும் அவர் வாயடைத்துப்போனார்.

2023 செப்டம்பரில் நானே கரைத்தேன். பத்து கிலோ யூரியாவை எடைபோட்டு, 21 லிட்டர் போர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். யூரியா கரையக் கரையத் தண்ணீர் ஜில்லென்று ஆனது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். பார்வைக்குக் கடைச் சரக்குபோலத்தான் இருந்தது. பழைய வாளியிலேயே ஊற்றி மூடி வைத்தேன். இரண்டு தடவை அப்படிச் செய்தேன். முதல் நடை போய் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா?" என்று இவரிடம் ஜம்பமாகச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது நடை சேலத்திலிருந்து புனாவுக்கு ஜவ்வரிசி லோடு. அந்தப் பக்கத்தில் நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசி உப்புமாதான் சாப்பிடுவார்கள். அதனால் அந்தச் சமயத்தில் நம் பக்கத்துச் சரக்குக்கு நல்ல வாடகை கிடைக்கும், நாள் தவறக்கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு இவரும் இன்னொரு டிரைவரும் கிளம்பினார்கள். இரண்டரை மணிக்கு போன்.

"தொப்பூர் மேட்டுல நிக்கறோம். மஞ்ச லைட்டு எரிஞ்சுது, அப்பறம் வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஆள் நடக்கற வேகத்துலதான் ஏறுச்சு, இப்ப அதுவும் இல்லை."

தொப்பூர் கணவாயைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்கு: சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவில் உள்ள மலைப்பாதை. விபத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் இடம். அந்த இருட்டில், 18 டன் பாரத்தோடு, மேட்டில் வண்டி. சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, பின்னால் தூரத்தில் மரக்கிளை ஒடித்துப் போட்டு, டார்ச் லைட்டை ஆட்டிக்கொண்டு இவர் நின்றிருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே பெரிய வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகிற சத்தம் போனில் கேட்டது. என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. "ஓரமா நில்லுங்க, ரோட்டுப் பக்கம் நிக்காதீங்க" என்பதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். விடிகிறவரை சாமி ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். விளக்கேற்றக்கூடக் கை வரவில்லை.

விடிந்ததும் வேறு வண்டி பிடித்துச் சேலத்துக்கு இழுத்து வந்தார்கள். லோடு வேறு லாரிக்கு மாறியது. மூன்றாம் நாள் நானும் சர்வீஸ் பட்டறைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "யூரியா எங்க வாங்கினீங்க?" என்று அங்கே கேட்டபோது பேசாமல் நின்றார். "நான்தாங்க வீட்டுல கரைச்சேன்" என்றேன்.

அங்கிருந்த வயசான மெக்கானிக் என்னைத் திட்டவில்லை. கழற்றி வைத்திருந்த நாஸிலை எடுத்துக் காட்டினார். அதன் வாயில் வெள்ளை வெள்ளையாகக் கல்போல் கட்டியிருந்தது. "வீட்டுல ஹீட்டர் காயில்ல பாத்திருப்பீங்களேம்மா?" என்றார். பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் போர் தண்ணீரில் மூன்று மாசத்துக்கு ஒரு காயில் அப்படித்தான் சுண்ணாம்பு பிடித்துப் போகும். எப்படித் தோன்றாமல் போயிற்று! வாளியில் வருவது உப்பெல்லாம் எடுத்துவிட்ட சுத்தத் தண்ணீர். யூரியாவும் அதற்கென்றே தயாரித்தது. வயலுக்கு வரும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும், வேறு கசடும் இருக்கும். மானிய விலையில் உழவுக்குத் தருவதை வேறு வேலைக்கு எடுப்பதே சட்டப்படி குற்றம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

"இது எதுக்குன்னுதான் இத்தனை பாடுங்க?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். என்ஜினுக்குள் சூடு அதிகமாக அதிகமாக டீசல் நன்றாக எரிந்து கரி குறையும். ஆனால் அந்தச் சூட்டில் காற்றிலிருக்கிற நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நச்சு வாயு உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது. மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், வீசிங் இருக்கிறவர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். சைலன்சர் இருந்த இடத்தில் இப்போது பெரிய பெட்டி இருக்கிறதே, அதில் கரியைப் பிடிக்க ஒரு சல்லடை. இந்த வாயுவை முறிக்கத்தான் யூரியா. சுடுகிற புகையில் பன்னீர்போல் தெளித்தால் அது அமோனியாவாகி, நச்சு வாயுவைச் சாதாரண நைட்ரஜனும் தண்ணீருமாக மாற்றிவிடும். யூரியா சரியில்லை என்றால் வண்டியே கண்டுபிடித்து, முதலில் எச்சரித்து, பிறகு இழுவையைக் குறைத்து, கடைசியில் நடக்கவிட்டுவிடும். சட்டமே அப்படி.

வீசிங் என்று அவர் சொன்னதும் நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பில் வந்தது. யூரியா பம்ப் 58,000. நாஸில் 21,500. சென்சார் 34,200. டாங்கி கழுவ, பெட்டியைச் சுத்தம் பண்ண, கூலியெல்லாம் சேர்த்து 14,300. பெட்டிக்குள் இருக்கிற கேட்டலிஸ்ட் தப்பித்தது. அது போயிருந்தால் இன்னும் லட்சக்கணக்கில் ஆகியிருக்கும் என்றார்கள். வாரண்டி கிடையாது, ஊற்றியது நம் சரக்கு. வண்டி இழுத்த கூலி 9,000, லோடு மாற்றியது 18,000. ஆக 1,55,000. ஒன்பது நாள் வண்டி படுத்தது தனி. நான் மிச்சம் பிடித்தது மூன்று வாளி, 3,750 ரூபாய். இரண்டையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. புனா போய்த் திரும்ப ஏறக்குறைய 2,080 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 வீதம் 520 லிட்டர் டீசல், நம்மூரில் 94, கர்நாடகத்தில் 88 என்று அன்றிருந்த விலையில் எப்படியும் 46, 47 ஆயிரம். டோல்கேட் 14 ஆயிரத்துச் சில்லறை. யூரியா? 1,600 ரூபாய்! டீசலில் நூற்றுக்கு மூன்று, நாலு ரூபாய்தான். இத்தனை கட்டத்தில் அதுதான் கிட்டத்தட்டச் சின்னக் கட்டம். புதிதாக வந்த செலவு என்பதால் அது மட்டும் கண்ணை உறுத்தியிருக்கிறது, பழகிப்போன பெரிய செலவெல்லாம் உறுத்தவில்லை. புதிதாக வந்த மருமகள் குழம்பில் போடும் எண்ணெயை மட்டும் அளந்து பார்க்கிற மாமியார் மாதிரி.

இன்னொன்றும் பார்த்தேன். பழைய வண்டி லிட்டருக்கு 3.2 கிலோமீட்டர்தான் கொடுத்தது. மாசம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் அதற்கு 2,500 லிட்டர், இதற்கு 2,000. மாசம் 500 லிட்டர் மிச்சம், 45 ஆயிரம் ரூபாய்! வாளிக்கும் ஃபில்டருக்கும் தனி ரக ஆயிலுக்கும் கொடுத்து மீதியும் வருகிறது. ஆனால் ஒரு கண்டிப்பு. பழைய வண்டி நாம் பண்ணுகிற தப்பை வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டு கடைசியில் புகையாக விட்டது. இது உடனே பில்லாகக் கொடுத்துவிடுகிறது.

ஏன் இப்படித் தொட்டாற்சிணுங்கியாக இருக்கிறது என்பதையும் அந்த மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டேன். நம் பிரஷர் குக்கரில் விசில் வரும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே சுமார் ஒரு மடங்கு கூடுதல் இருக்கும். அதற்கே நாம் பக்கத்தில் போகப் பயப்படுகிறோம். இந்த என்ஜினில் டீசலை 1,600 மடங்கு, சிலதில் 2,000 மடங்கு அழுத்தத்தில் வைத்திருந்து, தலைமுடி பருமனுள்ள துவாரங்கள் வழியாகப் பீய்ச்சுகிறார்கள். அந்த இஞ்செக்டருக்குள் ஒரு மணல் துகள், ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் கீறல் விழுந்துவிடும். எங்கள் வண்டியில் ஆறு இஞ்செக்டர். ஒன்று மாற்றினால் 28 ஆயிரம் என்றார்கள். ஃபில்டருக்குச் சில ஆயிரம் கொடுக்க யோசிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 ஐப்பசி மழையில் இது உதவியது. டீசல் போட்டுக் கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் லைட் எரிந்திருக்கிறது. முன்பென்றால் 'ஊர் போய்ப் பாத்துக்கலாம்' என்பார்கள். இப்போது உடனே நிறுத்தி, ஃபில்டருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தைத் திறந்துவிட்டால் அரை டம்ளர் தண்ணீர் வந்ததாம். மூன்று நிமிஷ வேலை. அதே மாதிரி, மேடேறி வந்து நின்றதும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. டர்போ என்பது நிமிஷத்துக்கு லட்சம் சுற்றை ஒட்டிச் சுற்றுகிற சமாசாரம். இரண்டு மூன்று நிமிஷம் என்ஜினை ஓடவிட்டுச் சூடு தணிந்ததும் அணைக்க வேண்டும். இதை டிரைவருக்குச் சொல்லிப் பழக்குவதுதான் பெரும்பாடு.

லாரி இல்லாத வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். கோயம்புத்தூரிலுள்ள என் நாத்தனார் வீட்டில் மைலேஜ் கிடைக்கும் என்று டீசல் கார் எடுத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, காய்கறி வாங்குவது, கோயில், அவ்வளவுதான் ஓட்டம். நாலு மாசத்தில் ஒரு லைட் எரிந்தது. அதிலும் கரி பிடிக்கும் சல்லடை உண்டு. 600 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் பிடித்த கரி எரிந்து சல்லடை சுத்தமாகும். இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் சூடு எங்கே ஏறுவது? "வாரத்துக்கு ஒருக்கா பெரிய ரோட்டுல ஒரு இருபது நிமிஷம் நல்லா ஓட்டுங்க" என்று சர்வீஸில் சொல்லி அனுப்பினார்கள். இப்போது நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் காரைச் சுத்தம் பண்ணவென்றே அவினாசி கோயிலுக்குப் போய் வருகிறாள். புண்ணியமும் சேர்கிறது, டீசலும் ஆகிறது! தினம் ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் டீசல் காரே வேண்டாம் என்பது என் எண்ணம். விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு சோதனையும் வந்தது. போன வருஷம் ஒருவர் வீடு தேடி வந்து, "ஒரு சின்னப் பெட்டி மாட்டிவிடறேங்க. யூரியா ஊத்தவே வேண்டாம். வண்டி, எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்கும். யாருக்கும் தெரியாது" என்றார். வயரிங் வேலை தெரிந்தவராம். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பின்கட்டில் பையன் கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்தான். இன்ஹேலர் அலமாரியில் இருந்தது. இந்த வருஷத்தில் இரண்டே தடவைதான் அதை எடுத்திருக்கிறான்.

"காபி குடிச்சிட்டுப் போங்கண்ணா, பெட்டி வேண்டாம்" என்றேன்.

நகையில் மூன்று பவுன் திரும்பி வந்திருக்கிறது, எட்டு இன்னும் பாங்கில். கடைசி டியூ 2027 ஜூனில். காலி வாளிகளை மட்டும் நான் விடுவதில்லை. கழுவி, அடியில் ஓட்டை போட்டு மாடியில் கத்தரி, வெண்டை வைத்திருக்கிறேன். பதினேழு வாளி ஆகிவிட்டது. நேற்று விடியற்காலை இவர் பெல்காமிலிருந்து போன் பண்ணினார். "அம்மிணி, டீசல் ஃபில்டர் எத்தனை கிலோமீட்டர்ல மாத்துனோம்?" நோட்டைப் பின்பக்கமிருந்து திருப்பி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பார்த்துச் சொன்னேன்.